ஒரே நிலத்தில் மூன்று தலைமுறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தாத்தா பாட்டி, மகன் மருமகள், பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறையினர் ஒரே பண்ணையில் குடியிருந்து அதிலேயே உழைத்துப் பிழைக்கும் குடும்பங்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் இடம் தருகிறோம். பூச்சி, உரம், விலை பற்றிய கேள்விகளைவிட, யார் எதைச் செய்வது, யார் எதை முடிவு செய்வது என்ற கேள்விகளே அதிகம் வந்துள்ளன. கடிதம் எழுதியவர்கள் விரும்பியபடி பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: ஐயா, எனக்கு வயது முப்பத்து நான்கு. படிப்பை முடித்ததும் அப்பாவுடன் பண்ணை வேலையில் இறங்கிவிட்டேன். விடியற்காலைக் கறவையிலிருந்து இரவு மோட்டாரை நிறுத்துவது வரை நான்தான் பார்க்கிறேன். ஆனால் ஒரு மூட்டை தீவனம் வாங்குவதற்கும் அப்பாவிடம் கைநீட்ட வேண்டியிருக்கிறது. சம்பளம் என்று எதுவும் கிடையாது. கேட்டால், “எல்லாம் உனக்குத்தானே வரப்போகிறது” என்கிறார். அவர் மனம் நோகாமல் இதை எப்படி மாற்றுவது?

பதில்: உங்கள் அப்பா சொல்வதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் நீங்கள் கேட்டதற்கு அது விடையாகாது. எப்போது வரும், எவ்வளவு வரும், உடன்பிறந்தவர்களின் பங்கு போக என்ன மிஞ்சும் என்ற மூன்றும் பேசப்படாதவரை, உங்களுடைய உழைப்பு தேதி போடாத கடன் பத்திரமாகவே இருக்கும்.

இது உங்கள் வீட்டில் மட்டும் உள்ள கோளாறு என்று எண்ண வேண்டாம். ரஷ்யப் பொருளியலாளர் அலெக்சாந்தர் சயானோவ் 1920களில் உழவர் குடும்பங்களின் வரவு செலவுகளை ஆராய்ந்து, குடும்பப் பண்ணை மற்றத் தொழில்களைப் போல இயங்குவதில்லை என்று விளக்கினார். கூலிக்கு ஆள் வைத்து நடத்துபவர் விலை விழுந்தால் ஆட்களைக் குறைப்பார், அல்லது தொழிலை மூடுவார். குடும்பப் பண்ணையோ, வீட்டில் உண்பவர் எத்தனை பேர், உழைப்பவர் எத்தனை பேர் என்ற கணக்கில் ஓடுகிறது. விலை விழுந்தால் கூடுதலாக உழைத்தும் செலவைச் சுருக்கியும் தாக்குப்பிடிக்கிறது. உலகில் உள்ள 60 கோடிக்கும் மேற்பட்ட பண்ணைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குடும்பப் பண்ணைகளே என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அவை இத்தனை தலைமுறைகள் நிலைத்து நின்றதற்கு இந்தத் தாக்குப்பிடிக்கும் குணம் ஒரு முக்கியக் காரணம். அதே குணத்துக்கு விலை கொடுப்பவர், நடுவில் இருக்கும் தலைமுறையைச் சேர்ந்த உங்களைப் போன்றவர். உங்கள் உழைப்புக்குக் கூலி எழுதப்படாததால் பண்ணை இலாபத்தில் ஓடுவதாக ஏட்டில் தெரிகிறது. உண்மையில் அந்த இலாபத்தில் ஒரு பகுதியோ முழுவதுமோ உங்களுடைய எழுதப்படாத சம்பளமாக இருக்கலாம்.

ஆகவே, பணம் கேட்பதற்கு முன்னால் கணக்கைத் தொடங்குங்கள். முதலில் வீட்டுச் செலவையும் பண்ணைச் செலவையும் இரண்டு நோட்டுகளாகப் பிரியுங்கள். பண்ணை நோட்டில் அப்பா, அம்மா, நீங்கள், உங்கள் மனைவி என உழைக்கும் ஒவ்வொருவருக்கும், அதே வேலைக்கு வெளியிலிருந்து ஆள் வைத்தால் கொடுக்க வேண்டிய கூலியைச் செலவாக எழுதுங்கள். கையில் தராவிட்டாலும் பரவாயில்லை, எழுதுவதை மட்டும் விடாதீர்கள். ஓராண்டு எழுதினால், எந்தப் பயிர் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது, எந்தப் பயிரைக் குடும்பம் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்பது அப்பாவின் கண்ணுக்கே தெரிந்துவிடும். மகன் வாதாடினால் மனம் நோகும் தந்தைகூட, தம் நிலத்தின் கணக்கை அமைதியாக உட்கார்ந்து படிப்பார்.

அடுத்ததாக, பண்ணையின் ஒரு பிரிவை முழுமையாக உங்கள் பொறுப்பில் கேட்டு வாங்குங்கள். கறவை மாடுகளாக இருக்கலாம், ஒரு குறிப்பிட்ட வயலாக இருக்கலாம். எது சிறியதோ அதுவே முதலில் நல்லது. வாங்குவது, விற்பது, ஆளை அமர்த்துவது, நட்டம் வந்தால் தாங்குவது ஆகிய அனைத்தும் அதில் உங்களுடையதாக இருக்க வேண்டும். வேலையை மட்டும் மகனிடம் கொடுத்து, முடிவைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் தந்தை, ஐம்பது வயதிலும் எதையும் தனியாக முடிவு செய்து பழகாத ஒருவரிடம் ஒரு நாள் திடீரெனப் பண்ணை முழுவதையும் விட்டுச்செல்ல நேர்கிறது. இதை அவரிடம் நீங்கள் சொன்னால் குறையாகப் படும். அவர் மதிக்கும் வயதொத்த உழவர் ஒருவர் சொன்னால் ஏறும்.

அப்பா பிடியை ஏன் தளர்த்தவில்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் பேராசை காரணமாக இருப்பதில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் மருந்துச் செலவுக்கு யாரிடம் கேட்பது, எந்த அறையில் இருப்பது, காலையில் எழுந்ததும் எங்கே போவது என்ற கவலைகள்தாம் காரணம். பொறுப்பை மாற்றுவது பற்றிப் பேசுவதற்கு முன், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அவர்கள் காலம் உள்ளவரை மாதந்தோறும் பண்ணையிலிருந்து என்ன வரும், வீட்டில் அவர்களுக்கு எது நிலையான இடம் என்பவற்றை எழுத்தில் முன்வையுங்கள். பேச்சை உங்கள் சம்பளத்திலிருந்து தொடங்காமல் இங்கிருந்து தொடங்கினால், உங்கள் சம்பளம் தானாகவே மேசைக்கு வரும்.

கேள்வி: திருமணமாகி வந்த நாள் முதல் தொழுவம் என் பொறுப்பு. அதிகாலையில் எழுந்து கறவை, கன்றுகளுக்குத் தீனி, பிறகு சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, வயல் வேலை, மீண்டும் மாலைக் கறவை என்று நாள் போகிறது. எந்த மாடு எப்போது பருவத்துக்கு வரும் என்பது எனக்குத்தான் தெரியும். ஆனால் மாடு வாங்கும்போதும் விற்கும்போதும் என்னை யாரும் கேட்பதில்லை. இதை எதிர்பார்ப்பது தவறா?

பதில்: தவறில்லை அம்மா. கேட்காமல் இருப்பதால் பண்ணைக்குத்தான் நட்டம், அதை எண்ணிக்கையாகவே காட்டலாம்.

பசு ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகிறது. பிற மாடு மேலேறினாலும் விலகாமல் நிற்கும் நேரம் ஒரு நாளைக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி இரவிலும் விடியற்காலையிலும் வந்து போய்விடும். அடங்காமல் கத்துவது, தீனியில் மனம் செல்லாமல் நிற்பது, பின்புறம் தெளிந்த கண்ணாடி இழைபோல வழும்பு தொங்குவது, அன்றைய பால் சற்றுக் குறைவது ஆகியவற்றைத் தொழுவத்தில் அந்த நேரத்தில் நிற்பவர்தான் பார்க்க முடியும். காலையில் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் சினை ஊசி போடுவது பழகிய நடைமுறை. ஒரு முறை தவறவிட்டால் இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று வாரத் தீவனம் முழுவதும் வீண். சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள், அதில் கடைசி இரண்டு மாதம் பாலை வற்றவிட்டு மடிக்கு ஓய்வு தர வேண்டும் என்பவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு பசு தன் வாழ்நாளில் எத்தனை கன்று ஈனும், எத்தனை நாள் கறக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது உங்கள் கண்கள்தாம்.

கறவையும் அப்படியே. மடியைக் கழுவித் துடைத்து, ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீச்சுகளைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுப் பார்ப்பவருக்கு, பால் திரிதிரியாக வருவது மடிநோயின் முதல் அறிகுறி என்பது தெரியும். மடியைத் தொட்ட ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பசு பாலை இறக்குகிறது. அதற்குக் காரணமான ஆக்சிடோசின் என்ற இயக்குநீரின் வேகம் சில நிமிடங்களில் தணிந்துவிடுவதால், நடுவில் எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து மீதியைக் கறக்க முடியாது. கறவை நேரத்தில் உங்களுக்கு வேறு வேலை வைக்கக் கூடாது என்று நீங்கள் கேட்பது மாட்டுக்காகவும்தான் என்று வீட்டில் சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் தலைக்குள் இருப்பதை ஒரு நோட்டுக்குக் கொண்டுவாருங்கள். மாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: ஈன்ற நாள், பருவத்துக்கு வந்த நாட்கள், ஊசி போட்ட நாள், வற்றவிட்ட நாள், மடிநோய் வந்த காம்பு, வாரத்தில் ஒரு நாளாவது அளந்த பால். எந்த மாட்டை விற்பது என்ற பேச்சு அடுத்த முறை வரும்போது அந்த நோட்டைக் கொண்டுபோய் நடுவில் வையுங்கள். பால் பணம் வரும் கணக்கில் உங்கள் பெயரும், உறுப்பினர் பட்டியல், காப்பீடு போன்ற ஆவணங்களில் உரிய இடத்தில் உங்கள் கையெழுத்தும் இருப்பது அவசியம். பெயர் ஆவணத்தில் இல்லாத பெண்ணுக்குக் கடனும் பயிற்சியும் இழப்பீடும் எட்டுவதில்லை என்பது உலகெங்கும் உள்ள குறை. 2026ஆம் ஆண்டைப் பெண் உழவர்களுக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்ததற்கும் இத்தகைய குறைகளே காரணம்.

கேள்வி: எனக்கு எழுபத்தாறு வயது. நிலம் நான் உருவாக்கியது. இப்போது டிராக்டரில் ஏறக் கூடாது என்று மகன் சாவியை எடுத்து வைத்துக்கொள்கிறான். நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

பதில்: பெரியவர் மன்னிக்க வேண்டும், மகன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. பண்ணை மரணங்களில் டிராக்டர் கவிழ்வது நெடுங்காலமாக முன்னிலையில் உள்ள காரணம். சரிவிலோ வரப்போரத்திலோ சக்கரம் ஏறிவிட்டால், கவிழ்வதற்குள் ஓட்டுநருக்குக் கிடைப்பது ஓரிரு நொடிகளே. அந்த நொடியில் செயல்படக் காதும் கண்ணும் காலும் இளமையில் இருந்தபடி இருக்க வேண்டும். கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகத்தைப் புதிய டிராக்டர்களில் பொருத்தியே ஆக வேண்டும் என்று சுவீடன் 1959இலேயே சட்டம் செய்தது. அதன்பின் அங்கே இத்தகைய இறப்புகள் பெருமளவு குறைந்தன. உங்கள் டிராக்டரில் அந்தச் சட்டகமும் இருக்கைப் பட்டையும் இல்லையென்றால், மகனும் அதில் ஏறக் கூடாது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை அவசியம் பயன்படுத்துங்கள்.

ஆனால் சாவியை வாங்கிக்கொண்டு வேறு வேலை எதுவும் தராமல் விட்டது மகனின் பிழை. வைக்கோல் போரையும் உலர்தீவனக் கட்டுகளையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நீங்கள் கேட்டு வாங்குங்கள். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது கட்டி அடுக்கிய தீவனம் உள்ளுக்குள் புழுங்கிச் சூடேறும், முதல் சில வாரங்களில் தானாகவே தீப்பிடிப்பதும் உண்டு. நாள்தோறும் முகர்ந்தும், நீண்ட கம்பியை உள்ளே செருகிச் சிறிது நேரம் கழித்து உருவித் தொட்டும் பார்க்கப் பொறுமையுள்ள ஒருவர் தேவை. விதைத் தானியமும் உங்களுக்கே உரியது. உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் கால்பங்கு தானியமும் சிறிது காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் ஏறத்தாழ 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, இன்னும் காய வேண்டும் என்று பொருள். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் சேமிப்புக் காலம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது விதையியலில் ஹாரிங்டன் விதி எனப்படுகிறது. ஆகவே இதை வயதானவர்களுக்காக ஒதுக்கிய சில்லறை வேலை என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த பருவமே இதில் அடங்கியிருக்கிறது.

கேள்வி: பத்து வயது மகன், பதினான்கு வயது மகள். இருவரும் பண்ணை வேலையில் ஆர்வமாக இருக்கிறார்கள். தாத்தா மகனை டிராக்டரின் மட்கார்டில் உட்கார வைத்து அழைத்துச் செல்கிறார். பிள்ளைகளை வேலை செய்யவிடுவது குழந்தை உழைப்பு ஆகிவிடுமா?

பதில்: முதலில் மட்கார்டு. இன்றே நிறுத்துங்கள். ஒருவருக்கென்று செய்த வண்டியில் இரண்டாமவர் உட்காரும் இடம் என்று ஒன்று கிடையாது. ஒரு குழியில் சக்கரம் இறங்கினால் போதும், பிள்ளை விழுவது அந்தச் சக்கரத்துக்கு அடியில்தான். தாத்தா ஆசையாகச் செய்கிறார் என்பதால் இதில் சலுகை காட்ட முடியாது.

மற்றபடி, வீட்டுப் பண்ணையில் பிள்ளைகள் செய்யும் எல்லா வேலையும் குழந்தை உழைப்பு ஆகாது. குறைந்தபட்ச வயது பற்றிய சர்வதேச உடன்படிக்கையே (1973), கூலியாட்களை முறையாக வைத்துக்கொள்ளாமல் உள்ளூர்த் தேவைக்கு விளைவிக்கும் சிறு குடும்பப் பண்ணைகளுக்குச் சில விலக்குகளை அனுமதிக்கிறது. அதே சமயம், உலகில் குழந்தை உழைப்பில் உள்ள 13.8 கோடிப் பிள்ளைகளில் 61 சதவீதம் பேர் வேளாண்மையில் இருக்கிறார்கள் என்று 2024ஆம் ஆண்டுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் மதிப்பீடு கூறுகிறது. அவர்களில் பெரும்பாலோர் வேறெவரிடமும் இல்லை, சொந்தக் குடும்பத்துடன்தான் உழைக்கிறார்கள். ஆகையால் சொந்த நிலம் என்பது மட்டும் விலக்காகாது. பள்ளியோ தூக்கமோ கெடுகிறதா, வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் நிறுத்த முடிகிறதா, வேலை ஆபத்தானதா என்று கேட்டுப் பாருங்கள். வேளாண்மையில் ஆபத்தான வேலைகளுக்குக் குறைந்தபட்ச வயது 18 என்று அதே தொழிலாளர் அமைப்பின் 2001ஆம் ஆண்டு 184ஆம் உடன்படிக்கை வகுக்கிறது.

ஆபத்து என்றால் எவை என்பதைப் பெரியவர்களே பல நேரம் மறந்துவிடுகிறார்கள். டிராக்டரின் விசையைப் பின்னால் பூட்டிய கருவிக்குக் கடத்தும் சுழல்தண்டான பி.டி.ஓ. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. நொடிக்கு ஒன்பது சுற்று. தொங்கும் துணியின் ஓரமோ அவிழ்ந்த கூந்தலோ அதில் பட்டால், கையை இழுத்துக்கொள்ள நினைப்பதற்குள் சுற்றி முடிந்திருக்கும். மூடி இல்லாத ஷாஃப்டை யாருமே ஓட்டக் கூடாது, பதினான்கு வயதுப் பெண் அருகில்கூடப் போகக் கூடாது. கீழே திறந்துவிட்டிருக்கும் தானியக் குதிரின் மேல் ஏறுவது, சாணக் குழிக்குள் இறங்குவது, பூச்சிமருந்து கலப்பது, தெளித்த வயலில் உடனே நுழைவது, காளையையோ புதிதாக ஈன்ற பசுவையோ தனியாகக் கையாள்வது ஆகியவையும் அவ்வாறே விலக்கப்பட வேண்டியவை. சாணக் குழியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு செறிவு கூடும்போது மூக்கின் மோப்பத்தையே மழுங்கடித்துவிடும். வாடை தெரியவில்லை என்று இறங்கியவரைக் காப்பாற்றப் போன அடுத்தவரும் உள்ளே விழுந்த நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன.

செய்யக் கூடியவை நிறைய உண்டு. நாற்றுக்கு நீர் ஊற்றுவது, கோழிகளைப் பார்த்துக்கொள்வது, விதைப் பைகளுக்குப் பெயர் எழுதுவது ஆகியவை மகனுக்குப் பொருந்தும். பிறந்த கன்றின் பொறுப்பை மகளிடம் கொடுங்கள். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும், முதல் நாளுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு தேவை, ஒரு நாள் கடந்தால் அதிலுள்ள நோயெதிர்ப்புப் பொருளைக் கன்றின் குடல் ஏற்காது என்பவற்றை அவள் கடிகாரம் பார்த்துக் கற்றுக்கொள்வாள். தாயிடம் பால் பீச்சுவது மட்டும் பெரியவர் ஒருவருடைய வேலையாக இருக்கட்டும்.

கேள்வி: மாமனார் ஒவ்வொரு தானியப் பயிருக்குப் பிறகும் பயறு விதைத்தே ஆக வேண்டும் என்கிறார். உரம் கடையில் கிடைக்கும் காலத்தில் இது தேவையா? ‘எங்கள் அப்பா செய்தார்’ என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை அவருக்கு.

பதில்: காரணம் சொல்லத் தெரியாமலே சரியாகச் செய்துவந்தவர்கள் உழவில் ஏராளம். பயறு வகைகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஏற்றதாக மாற்றுகின்றன என்பதை ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற ஜெர்மானிய அறிவியலாளர்கள் 1880களின் பிற்பகுதியில்தான் நிறுவினார்கள். உங்கள் மாமனாரின் முன்னோர்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே விளைச்சலைக் கொண்டு அறிந்திருந்தார்கள்.

ஆனாலும் நம்பிக்கையின்பேரில் விதைக்க வேண்டாம், தோண்டிப் பாருங்கள். பயறு பூக்கும் சமயத்தில் நான்கைந்து செடிகளை மண்வெட்டியால் வேரோடு கிளப்பி, மண்ணைத் தண்ணீரில் அலசிவிட்டு, வேரிலுள்ள ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால், அல்லது முடிச்சே இல்லையென்றால், அந்த வயலில் மாமனார் எதிர்பார்க்கும் பயன் கிடைக்கவில்லை. விதையுடன் ரைசோபியம் என்ற அந்த வேர்முடிச்சு நுண்ணுயிரைக் கலந்து விதைத்துப் பார்க்க வேண்டும். கதிரையும் காயையும் தண்டையும் முழுவதும் வாரிக் கொண்டுபோய்விட்டாலும் மண்ணில் மிஞ்சுவது குறைவே.

பயன் நைட்ரஜனோடு நிற்பதும் இல்லை. இங்கிலாந்தின் ரோத்தாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ப்ராட்பாக் என்ற வயலில் 1843 முதல் ஆண்டுதோறும் கோதுமை விதைத்துக் குறித்து வருகிறார்கள். அங்கே உரமே இடாத பகுதி இன்றும் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1 டன் தருகிறது. 1968 முதல் அதே வயலின் சில பகுதிகளில் பயிர்ச்சுழற்சி சேர்க்கப்பட்டது. ஒரே பயிரைத் தொடர்ந்து விதைத்த பகுதிகளைவிட அவற்றில் கோதுமை கூடுதலாக விளைந்தது. தொடர்ந்து விதைக்கும்போது மண்ணில் தங்கிவிடும் வேர்நோய் அங்கே அறுபட்டது அதற்கு முக்கியக் காரணம். உரம் அந்த வேலையைச் செய்யாது. உங்கள் நிலத்திலும் ஒரு கீற்றில் மட்டும் பயறு இல்லாமல் விட்டு, இரண்டு பக்கத்து விளைச்சலையும் தனித்தனியே அளந்து எழுதுங்கள். மாமனாருக்கும் உங்களுக்கும் நடுவில் அந்தக் கீற்று தீர்ப்புச் சொல்லட்டும்.

கேள்வி: நாங்கள் மூன்று பிள்ளைகள். ஒருவர் மட்டும் பெற்றோருடன் இருந்து பண்ணையைப் பார்க்கிறார். இரண்டு பேர் வெளியூரில் வேலையில் இருக்கிறோம். நிலத்தைச் சமமாகப் பிரித்தால் பண்ணை அழியும். பிரிக்காவிட்டால் உறவு அழியும். என்ன செய்வது?

பதில்: (நீங்கள் அந்த இருவரில் ஒருவர் என்பதை வைத்தே இந்தக் கேள்வியை மதிக்கிறேன்.) சமமாகப் பிரிப்பது, ஒருவரிடமே விடுவது என்ற இரண்டு வழிகளையும் நாடுகள் சோதித்துப் பார்த்திருக்கின்றன. பிரான்சில் 1804இன் சிவில் சட்டம் பிள்ளைகளுக்குச் சம உரிமையை நிலைநாட்டியது. நிலம் தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகிறது என்ற புகார் அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக அங்கே ஓயவில்லை. நார்வேயின் பழைய ஓடல் உரிமை பண்ணையை ஒருவரிடமே சேர்க்கிறது. 1974இன் சட்டத்தில் மகன் மகள் வேறுபாடு நீக்கப்பட்டு, முதலில் பிறந்தவருக்கு முன்னுரிமை தரப்பட்டது. ஆனால் அதைப் பெறுபவர் அங்கேயே குடியிருந்து பயிர் செய்ய வேண்டும் என்ற கடமையும் கூடவே வருகிறது. உரிமையோடு கடமையையும் கட்டியது அதன் நல்ல அம்சம் என்று நான் கருதுகிறேன்.

உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டறியுங்கள். அதற்கு முன் குடும்பத்துக்குள் பேச வேண்டியவற்றில் வரிசை முக்கியம். பெற்றோரின் வாழ்வாதாரம் முதலில், பண்ணை ஒரு குடும்பத்தையாவது தாங்கும் அளவில் நிற்குமா என்பது இரண்டாவது, பங்கு அதற்குப் பிறகு. பல வீடுகளில் பங்கிலிருந்து பேச்சைத் தொடங்குவதால், முதல் இரண்டும் பேசப்படாமலே போகின்றன.

பண்ணையில் இருக்கும் உடன்பிறப்பு இத்தனை ஆண்டுகள் சம்பளம் இல்லாமல் உழைத்திருந்தால், இன்றைய சொத்தில் ஒரு பகுதி அவருடைய கூலி. அதைக் கழித்துவிட்டே மீதியைப் பற்றிப் பேச வேண்டும். (முதல் கடிதம் எழுதிய தம்பி கணக்கு எழுதத் தொடங்கினால், அவர் வீட்டில் இந்தச் சச்சரவு பாதியாகக் குறையும்.) எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும்: அவர் வாடகையில்லாமல் குடியிருந்திருக்கிறார், உங்கள் இருவரின் படிப்புச் செலவும் அதே நிலத்திலிருந்து வந்திருக்கிறது. இரு பக்கமும் எழுதினால் எவரும் முழுக் கடனாளியாக வெளிவர மாட்டார்.

நிலத்தைத் துண்டாடாமல் உரிமையை மூவர் பெயரிலும் வைத்து, பயிர் செய்பவர் மற்ற இருவருக்கும் நியாயமான குத்தகை தருவது ஒரு வழி. அவர் பத்துப் பதினைந்து ஆண்டுத் தவணையில் உங்கள் பங்குகளை வாங்கிக்கொள்வது இன்னொரு வழி. இரண்டாவதில், சந்தை விலையில் மதிப்பிட்டால் பயிர் வருமானத்திலிருந்து தவணை கட்டவே முடியாமல் போகக்கூடும். நிலம் தரும் வருமானத்தை வைத்து மதிப்பிட்டு, ஒருவேளை அவர் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் வெளியாருக்கு விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் தொகையில் மற்ற இருவருக்கும் பங்குண்டு என்று எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோர் இருவரும் நலமாக இருக்கும்போதே, பிள்ளைகளின் துணைவர்களையும் சேர்த்து உட்கார வைத்து இதைப் பேசுங்கள். வெளியே உட்கார வைக்கப்பட்டவர் பிறகு வீட்டில் கேட்கும் கேள்விகளே பெரும்பாலும் ஒப்பந்தங்களை உடைக்கின்றன.

கேள்வி: பண்ணை வைத்திருப்பவர்கள் குடும்பத்தோடு நான்கு நாள் எங்கேயாவது போய்வர முடியுமா?

பதில்: முடியும், ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் போக முடியாது. நாளுக்கு இரண்டு கறவை என்பதால், எந்த வேலையும் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நியூசிலாந்தில் பெரும்பாலான பால் பண்ணைகள் எல்லாப் பசுக்களும் வசந்த காலத்தில் ஒருசேர ஈனும்படி சினைப்படுத்தி, குளிர்காலத்தில் மொத்தமாகப் பாலை வற்றவிடுகின்றன. கறவையே இல்லாத சில வாரங்கள் அவர்களுக்குக் கிடைக்கின்றன. ஆண்டு முழுவதும் பால் ஊற்ற வேண்டிய உங்களுக்கு அது ஒத்துவராது என்றால், ஒரு தலைமுறை போகும்போது மற்றொரு தலைமுறை இருக்கும்படி முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் தீவன அளவு, மோட்டார் ஓடும் நேரம், எந்த வாய்க்காலை எப்போது திருப்புவது, கால்நடை மருத்துவரின் எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதித் தொழுவத்தில் ஒட்டுங்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரம், ஊரிலேயே இருந்துகொண்டு இரண்டு நாள் எதிலும் தலையிடாமல் ஒதுங்கியிருந்து பாருங்கள். எங்கெங்கே உங்களைக் கேட்க நேர்ந்ததோ அவற்றையும் தாளில் சேர்த்துவிட்டுப் புறப்படுங்கள்.